கடைசிப் பெஞ்சுக்கு விழாத வசனம்

அக்டோபர் 3

வௌவால் எச்சத்தை அள்ளியே இன்றைய பொழுது போய்விட்டது. சந்திரோதயா டாக்கீஸில் மனிதர்கள் படம் பார்த்ததைவிட வௌவால்கள்தான் அதிக காலம் குடியிருந்திருக்கும் போல. பால்கனியில் ஒரு நாற்காலிகூட உருப்படியாக இல்லை. கீழே கறையான் தின்றதுபோக மிச்சமிருந்த கட்டைப் பெஞ்சுகளை யாரோ ஆடு கட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கொத்தனார் மாடசாமி மீசைக்குள்ளேயே பேசுகிறவன். எதைக் கேட்டாலும் மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா?

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த காலமெல்லாம் ஷிப்ட் புத்தகம் எழுதிய கை இது. எழுதாவிட்டால் அன்று வேலை செய்ததாகவே தோன்றாது. அதனால் எழுதுகிறேன். அண்ணன் சொன்னதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாற்றிப் பேசக்கூடாது பாருங்கள்.

"ஏலே சொர்ணம், பொங்கலுக்கு இதுல படம் ஓடணும். ஓடலேன்னா ஜவுளிக்கடைக்காரனுக்கு வித்துக் கையெழுத்துப் போட்டுருவேன். அப்பா கட்டுனது, ஆத்தா அழுவான்னு அதுக்கப்புறம் எங்கிட்ட வரப்படாது."

சரி என்று சொல்லிவிட்டேன். கட்டடத்தில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. வீம்பு மட்டும் ரெண்டு பேருக்கும் முழுசு.

அக்டோபர் 9

பெண்கள் பக்கத்துத் தடுப்புச் சுவரை இன்று இடித்தோம். நெஞ்சு உயரச் சுவர். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கோவில்பட்டியில் பாதிக் கல்யாணங்கள் இந்தச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் நடந்தன என்று ஆத்தா சொல்வாள். என் கல்யாணம் அப்படி நடக்கவில்லை.

அப்பா முதலில் எட்டயபுரம் ரோட்டில் டெண்ட் கொட்டகை போட்டு ஓட்டினார். பிறகுதான் இந்தக் கட்டடம். படம் மாறும்போதெல்லாம் முதல் ஆட்டத்துக்கு முன்னால் காலி தியேட்டரில் படத்தை ஓடவிட்டு, குறைந்த டிக்கெட்டின் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருவார். துண்டை முகத்தில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வார்த்தை தவறினாலும் ஆபரேட்டருக்குச் செம திட்டு கிடைக்கும். "ஓரணா குடுத்தவனுக்கும் வசனம் காதுல விழணும்லே" என்பார். வசனம் விழாமல் கதவைத் திறக்கவே மாட்டார். பின்தெருப் பெண்கள் அடுப்படியிலிருந்தே முழுப்படத்தையும் கேட்பார்கள். படமே பார்க்காமல் வசனத்தை வரிக்கு வரி ஒப்பிப்பார்கள்.

நானும் அப்படித்தான் சோதிப்பேன். கடைசிப் பெஞ்சுக்கு வசனம் விழாமல் கதவைத் திறந்தால் நான் அவர் பிள்ளை இல்லை.

அக்டோபர் 12

கேஸ் சிலிண்டர் தீர்ந்து ரெண்டு நாளாகிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால் உலகம்மாள், "ரெண்டு தடவை சொன்னேன்" என்கிறாள். இவளுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவது, துணி காயப்போட்டுக்கொண்டே பேசுவது. புருஷனிடம் பேசுகிறவள் நேரே வந்து நின்று பேச வேண்டாமா? நேற்றும் நான் பேப்பர் படிக்கும்போது பின்னால் நின்று ஏதோ நீளமாகச் சொன்னாள். சரி, சரி என்று தலையாட்டினேன். போய்விட்டாள்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்து ஆட்கள் யாரும் வரவில்லை. பலகாரம் தின்று வயிறு சரியில்லையாம் எல்லாருக்கும்.

அக்டோபர் 27

தூத்துக்குடியிலிருந்து சவுண்ட் வேலைக்கு ஜெபசிங் என்று ஒரு பிள்ளையாண்டான் வந்தான். முப்பது வயது இருக்கும். மழுமழுவென்று சவரம் செய்த முகம். பேச்சு கணீரென்று இருக்கிறது. இந்த ஒருத்தன்தான் இந்த ஊரில் ஒழுங்காகப் பேசுகிறவன் என்று வீட்டில் சொன்னேன். உலகம்மாள் சிரித்தாள்.

சுவரில் அப்பா காலத்தில் சாக்கும் தென்னைநாரும் வைத்துத் தைத்திருந்ததை எல்லாம் பிய்த்துவிட்டு, எதிரொலியை வாங்குகிற பலகைகளை அடிக்கப்போகிறான். எலி செத்த நாற்றத்தோடு சாக்கு இறங்கியது. தும்மித் தும்மி மூக்கு பழுத்துவிட்டது.

நவம்பர் 8

புதுத் திரை, புது மெஷின், புது ஸ்பீக்கர். ஆபரேட்டர் ராஜாமணி ஒரு பழைய குடும்பப் படத்தை ஓட்டினான். முன்னால் நின்று பார்த்தேன். பிரமாதம். கதாநாயகி மாமியாரிடம் கேள்வி கேட்கிறாள், ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று விழுகிறது.

பிறகு கடைசிப் பெஞ்சுக்குப் போய்த் துண்டைப் போட்டுக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். சோற்றுப்பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கொழகொழவென்று ஏதோ வருகிறது. பாட்டு தெரிகிறது, இசை தெரிகிறது. வசனம் விழவில்லை.

"எனக்கு நல்லா கேக்குதே அண்ணாச்சி" என்கிறான் ஜெபசிங்.

"ஒனக்கு எங்க நின்னாலும் கேக்கும். நீ போட்ட ஸ்பீக்கர்தான" என்றேன்.

நவம்பர் 12

ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தான். வசனம் விழவில்லை.

நவம்பர் 16

ஸ்பீக்கரை இறக்கி வைத்தான். விழவில்லை. மேலே ஓட்டுக் கூரை, அதில்தான் சிக்கலா என்று நான் அழுத்திக் கேட்டபிறகு, "இருக்கலாம் அண்ணாச்சி" என்று இழுக்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷமாக அதே ஓட்டுக்குக் கீழேதானே என் அப்பா வசனம் விழ வைத்தார்?

சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். தயங்கினான். கூட்டு என்றேன்.

நவம்பர் 17

காலையிலேயே பின்தெரு சண்முகத்தாய் மைனி வந்துவிட்டாள். அவள் வீடும் தியேட்டரும் முதுகோடு முதுகு.

"கொழுந்தனாரே, நேத்து என் வீட்டுச் சன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. பேரப்பிள்ளை அலறி எந்திச்சிட்டான். கொஞ்சம் கொறைச்சு வையுங்க."

"அந்தக் காலத்துல ஓசியில கேட்டுக்கிட்டே கொழம்பு வச்சீக, இப்ப மட்டும் காது வலிக்குதாக்கும்" என்றேன்.

"அப்ப கேட்டோம். இப்ப இடிக்கி" என்றாள்.

எல்லாருக்கும் திமிர் ஏறிவிட்டது. இந்த ஊரிடம் எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நவம்பர் 24

மழை. ஓடு ஒழுகுகிறது. எரிச்சல்.

நவம்பர் 29

உலகம்மாள் எனக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். அறுபத்தொரு வயதில் எனக்கு எதற்கு இது? "தெரிஞ்சு வச்சா நல்லதுதான" என்கிறாள். கஞ்சி கையில் கொட்டியது. மகள் மல்லிகா சென்னையிலிருந்து போன் செய்தாள். செல்போன் கம்பெனிக்காரனுக்கு டவர் சரியில்லை, ஒரு எழவும் புரியவில்லை. உன் அம்மாவிடம் பேசு என்று கொடுத்துவிட்டேன். அவர்கள் ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். எங்கிருந்துதான் இவர்களுக்கு மட்டும் டவர் கிடைக்கிறதோ.

டிசம்பர் 2

அண்ணன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். படத்தை ஓட்டிக் காட்டினேன். கடைசிப் பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் என்னத்துக்கு நோண்டுத?" என்றார்.

"வசனம் விழலண்ணே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜெபசிங்கைப் பார்த்தார். ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. அரைகுறை தியேட்டரை நான் திறக்க வேண்டும், ஜனங்கள் காறித் துப்ப வேண்டும், நாலே நாளில் மூட வேண்டும், ஜவுளிக்கடை வரவேண்டும். அதுதானே கணக்கு? இந்தப் பயலும் அதற்கு உடந்தை.

டிசம்பர் 5

ஜெபசிங்கை அனுப்பிவிட்டேன். எங்க அண்ணன் உனக்கு எவ்வளவு தருகிறார் என்று நேரடியாகவே கேட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நடிப்பு. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன், சாப்பாடு கொண்டுவந்த உலகம்மாளிடம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னான். இவள் முகம் வெளிறிவிட்டது.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போய்ட்டு வாரேன்னான்."

போய்ட்டு வாரேன் சொல்ல அவ்வளவு நேரமா ஆகும்?

டிசம்பர் 6

அவன் அடித்த பலகைகளைத் தெற்குச் சுவரில் முழுக்கப் பிடுங்கிச் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டோம். மாடசாமி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். என் தியேட்டர், நான் பிடுங்குகிறேன்.

டிசம்பர் 15

மதுரையிலிருந்து இன்னொரு சவுண்ட்காரர் வந்தார். கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு நடந்தார். "யாரோ நல்லாப் போட்டிருக்காரு. இந்தப் பலகையை ஏன் எடுத்தீங்க?" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஜவுளிக்கடையின் கை மதுரைவரை நீளும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

டிசம்பர் 20

லைசென்ஸ் வந்துவிட்டது. அதிகாரிகள் கக்கூஸ், தீயணைப்பு வாளி எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரில் எல்லாரும் சரி என்கிற ஒரு தியேட்டரை நான் ஒருத்தன் திறக்காமல் வைத்திருக்கிறேன். உலகம்மாள் பழைய பெட்டிக்கு ஜிப் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆளாளுக்கு ஒரு வேலை.

டிசம்பர் 27

ஜவுளிக்கடைக்காரர்கள் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். திரை இருக்கிற இடத்தில் பட்டுச்சேலைப் பிரிவாம். என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்பா பெயரைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று இந்த ஊர் என்னைச் சொல்லப்போகிறது.

ஜனவரி 3

நானே ஏணி வைத்து ஏறி ஒயரைப் பிடுங்கி மாற்றிக் கொடுத்தேன். ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது. மறுபடியும் பழையபடி மாட்டினேன். வந்தது. வசனம் விழவில்லை.

ஜனவரி 8

இன்று உலகம்மாளையும் கூட்டிப்போனேன். இத்தனை நாளும் சாப்பாடு கொண்டுவந்து வாசலோடு போய்விடுகிறவள். அப்பா உட்கார்ந்த மாதிரியே உட்கார், கண்ணை மூடிக்கொள், எங்கே விழவில்லை என்று சொல் என்றேன். நீயாவது பொய் சொல்லமாட்டாய் என்றேன். கடைசிப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்ணை மூடினோம். அதே கொழகொழ. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பாதியில் கண்ணைத் திறந்துவிட்டேன். துண்டுக்குள் வேர்த்தது, அதனால்தான்.

அவள் கண்ணை மூடியபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். படத்தோடு சேர்ந்து வசனம் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் கதாநாயகியின் வாய், பக்கத்தில் இவள் வாய், ரெண்டும் ஒன்றாகத் திறக்கின்றன, ஒன்றாக மூடுகின்றன. தெரிந்த படம், மனப்பாடம் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் கதாநாயகி சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. எனக்கு வசனம் நின்றுபோய்விட்டது. இவள் உதடு நிற்கவில்லை. கதாநாயகி திரும்பி மாமியாரைப் பார்க்கிற நேரம் ரெண்டு வாயும் ஒரே சொல்லில் வந்து நின்றன.

படத்தை நிறுத்தச் சொன்னேன். மெஷின் சூடாகிவிட்டது என்று காரணம் சொன்னேன்.

ஜனவரி 9

காலையில் அடுப்பங்கரைக்குப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நேரடியாகக் கேட்டேன். "ஒனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்தாள்.

"மில்லுல இருக்கும்போதே."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அரிசி டின் மேல் உட்கார்ந்தேன். அவளும் தரையில் எனக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினாள். முன்னே ரெண்டு தடவை டாக்டரிடம் போகலாம் என்றாளாம். எனக்கென்ன கேடு என்று பாய்ந்தேனாம். அதற்கப்புறம் கத்திப் பேசினால், ஏன் கத்துகிறாய் என்று சண்டை. மெதுவாகப் பேசினால், ஏன் முணுமுணுக்கிறாய் என்று சண்டை.

"அதான் பேசுறதையே கொறைச்சுட்டேன். அடுப்புக்கிட்டதான் பேசுதேன். அது எரிஞ்சு விழாது."

ஜெபசிங் வாசலில் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அண்ணாச்சிக்குக் கோவம் தணிஞ்சதும் ஒரு காது டாக்டர்ட்ட காட்டுங்கக்கா, தியேட்டர்ல ஒரு கொறையும் இல்லன்னான்."

பெட்டியைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்.

"பொங்கல் கழிஞ்சு பத்தொம்பதாந்தேதி மல்லிகா வீட்டுக்குப் போறேன். அங்கேயே இருந்துருதேன். புரட்டாசியிலயே உங்ககிட்ட சொல்லிட்டேன். சரி சரின்னு தலையாட்டுனீக."

ஜனவரி 10

தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போனேன். ஜெபசிங் கடையில் இல்லை, சர்ச்சில் மைக் மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கவில்லை. நியாயம்தான். கீழே நின்றுகொண்டே சொன்னேன். "தம்பி, குத்தம் உன் ஸ்பீக்கர்ல இல்ல. என் காதுல."

மேலேயிருந்து ஏதோ சொன்னான். விளங்கவில்லை. "கீழ வந்து சொல்லு, அங்கருந்து பேசினா எனக்குக் கேக்காது" என்றேன். இதை வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. இறங்கி வந்தான்.

"பலகையெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"சைக்கிள் ஸ்டாண்டுல."

"நனைஞ்சுதா?"

"நனையல."

"நீங்க பிடுங்கினதுக்குப் பிறகு நெசமாவே எதிரொலிக்குமே" என்றான். சிரிக்கிறானா, திட்டுகிறானா என்று தெரியவில்லை. சாயங்காலமே ரெண்டு ஆட்களோடு கிளம்பி வந்துவிட்டான்.

ஜனவரி 12

பலகைகள் ஏறிவிட்டன. அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, எனக்குக் காது கேக்கல. அதான் தாமசம். ஒங்க மேல சந்தேகப்பட்டேன்" என்றேன்.

"தெரியும்லே" என்றார்.

ஊருக்கே தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒருத்தராவது என் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்தவனை நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணன் வாசல்வரை வந்தார். என் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பி, "பொங்கலன்னைக்கு ஓட்டு. ஓடட்டும். ஜவுளிக்காரன்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

ஜனவரி 14

சோதனை ஆட்டத்துக்குக் கடைசிப் பெஞ்சில் நான் உட்காரவில்லை. சண்முகத்தாய் மைனியையும் பின்தெருப் பெண்களையும் உட்கார வைத்தேன். "விழுதா மைனி?" என்று கேட்டேன். "சும்மா கெடங்க கொழுந்தனாரே, வசனத்தைக் கேக்க விடுங்க" என்றாள். அவளது வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். கனக்கிறது.

ஜனவரி 15

மேட்னி. கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் டிக்கெட் இல்லை என்று பலகை வைக்க வேண்டியதாயிற்று. சூடம் ஏற்றித் திரைக்குக் காட்டினோம். பூசணிக்காயை அண்ணன் உடைத்தார். அப்பா பெயரைச் சொல்லி யாரோ விசில் அடித்தார்கள். விளக்கு அணைந்தது.

முதல் சிரிப்பு எழும்பியதை நெஞ்சில்தான் உணர்ந்தேன், பெஞ்சு அதிர்ந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தேன். உலகம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து எழுப்பினேன். படம் பார்க்க விடாமல் என்ன இது என்பதுபோல முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் வந்தாள்.

டிக்கெட் அறையில் அப்போது யாரும் இல்லை. சன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம் ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். எதிரே நான் உட்கார்ந்தேன்.

"என்னங்க, உங்க தியேட்டர், மொத ஆட்டம்."

"அது ஓடட்டும். நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"இத்தனை வருசமும் எங்கிட்ட சொன்னதெல்லாம். மறுபடி சொல்லு. மொகத்தைத் திருப்பாம சொல்லு."

சேலை நுனியைச் சுருட்டினாள். பிறகு ஆரம்பித்தாள். மல்லிகாவைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வந்த அன்று நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிப்போனதிலிருந்து ஆரம்பித்தாள். அவள் அம்மா செத்தது, கர்ப்பப்பையில் கட்டி என்று பயந்துபோய் அவள் தனியாக டாக்டரிடம் போய்வந்தது, ஒன்றும் இல்லை என்று வந்ததை என்னிடம் சொன்னபோது நான் பேப்பரைப் புரட்டியது. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சில இடத்தில் அழுதாள். அழுதுகொண்டே பேசினால் வாய் கோணுகிறது, எனக்குப் புரிவதில்லை. அப்போதெல்லாம் இன்னொரு தடவை சொல் என்றேன். கோபப்படாமல் சொன்னாள்.

பத்தொன்பதாம் தேதியைப் பற்றி நான் கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இடைவேளை விட்டுவிட்டார்கள். முறுக்கும் சோடாவும் கேட்டு ஜனங்கள் டிக்கெட் அறைச் சன்னலை வந்து தட்டினார்கள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவள் இன்னும் முடிக்கவில்லை.